உளுந்துக் களத்தில் போட்ட எட்டு

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகும் வரைக்கும் அருள்ஜோதி அக்காவைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் எங்கள் ஊர் முடிவு கட்டி வைத்திருந்தது. பைக் ஓட்டும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டார் என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். ஊருக்குள் நுழைந்ததும் பால் சொசைட்டி. காலையும் மாலையும் வருகிற பாலைச் சோதித்து வாங்குவது அக்காவின் வேலை. அவர் சொல்லும் அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சீட்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை. அக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. பிறந்தது பேராவூரணிப் பக்கம், எந்தத் திசையில் பார்த்தாலும் தென்னை நிற்கும் ஊர். பத்தாம் வகுப்பு முடித்து, தட்டச்சும் கொஞ்சம் படித்து, மதலைமுத்து அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த நெல் வயல்களுக்கு நடுவே வந்தவர். அண்ணன் அறுவடை மிஷின் ஓட்டுகிறார். ஒரே மகள் ஜெனித் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள்.

அக்கா சொசைட்டியில் சேர்ந்த முதல் மாதத்தில் நடந்த ஒன்றை மதலைமுத்து அண்ணனே எல்லோரிடமும் சொல்வார். அவர் தங்கள் வீட்டுப் பாலைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். அக்கா லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டுக் கேனைத் திருப்பி நகர்த்தியிருக்கிறார்.

"இருவத்திமூணுதான் காட்டுது. எடுத்துட்டுப் போங்க."

"ஏய், இது நம்ம வீட்டு மாடுடி."

"மாடு நம்ம வீட்டுதுதான். தண்ணியும் நம்ம வீட்டுதுதான். எடுத்துட்டுப் போங்க."

கேனைக் கழுவிவிட்டுக் கவிழ்க்க மறந்ததாக அண்ணன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். அந்த வாரம் முழுக்க வீட்டில் மோர்க்குழம்புதானாம். அதற்கப்புறம் பதினோரு வருடமாக அக்கா சொன்ன அளவை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

இந்த மாசியில் சொசைட்டியில் ஒரு புதிய வேலை அறிவித்தார்கள். சுற்றியுள்ள ஐந்து சிற்றூர்களுக்கும் தினமும் பைக்கில் போய், அங்கங்கே பாலைச் சோதித்து, புதிதாக வைத்த குளிரூட்டும் தொட்டிக்குக் கொண்டுவருகிறவர்களை மேற்பார்வை பார்க்க வேண்டும். அக்காவை விட்டால் அதற்கு ஆள் இல்லை என்று செயலாளரே சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. கியர் வண்டி லைசென்ஸ் இருக்க வேண்டும். ஏப்ரல் முப்பதுக்குள் கொண்டுவராவிட்டால் பக்கத்து ஊர் இனியவனுக்குப் போய்விடும். அவர் படித்தவர், லைசென்சும் வைத்திருந்தார். பாலை முகர்ந்தே காலைக் கறவையா மாலைக் கறவையா என்று சொல்ல மட்டும் அவரால் முடியாது.

அறிவிப்பை அச்சடித்துச் சுவரில் ஒட்டியதும் நான்தான். அக்கா அதைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ஆஷ்லின், அந்த எல்.எல்.ஆருக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு பாத்துச் சொல்லு" என்றார்.

வீட்டில் இருந்தது அண்ணனின் பழைய நூறு சிசி பைக். ஒரு வாரத்தில் அக்கா கிளட்ச் பிடித்து கியர் மாற்றப் பழகிவிட்டார். பால் வாங்க வரும்போதே சுடிதாரில் வந்தார். அதைப் பற்றி இரண்டு நாள் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

பங்குனி தொடக்கத்தில் முதல் டெஸ்ட். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் இன்ஸ்பெக்டர். எட்டின் இரண்டாவது வளைவில் அக்காவின் இடது கால் தரையைத் தொட்டுவிட்டது. "கால் ஊனிட்டீங்கம்மா. பழகிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அதில் அக்காவுக்கு வருத்தமில்லை. கால் ஊன்றியது உண்மை.

பழக இடம் வேண்டும். ஊரில் எட்டுப் போடுகிற அளவுக்கு அகலமான இடம் சிமென்ட் களம் ஒன்றுதான். அது உளுந்து அறுவடை நேரம். சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்தைப் பிடுங்கி, களத்திலும் தார் ரோட்டிலும் செடியோடு பரப்பி வைத்திருப்பார்கள். பஸ்ஸும் லாரியும் டிராக்டரும் ஏறிப் போகப் போக, காய் உடைந்து பருப்பு உதிரும். அக்கா போனபோது களம் முழுக்க ரெங்கம்மாள் அக்காவின் உளுந்து. இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அக்கா வண்டியைத் திருப்பப் போனார்.

"எங்கடி போற?" என்றார் ரெங்கம்மாள் அக்கா.

"எட்டுப் போட்டுப் பழகணும்க்கா. நீங்க பரப்பி வெச்சிருக்கீங்க."

"இது மேலயே ஓட்டேன். டிராக்டர்க்காரன் வரேன் வரேன்னு மூணு நாளா ஏய்க்கிறான். ஒனக்கு எட்டும் ஆச்சு, எனக்கு உளுந்தும் ஆச்சு."

அப்படித்தான் ஆரம்பித்தது. காய்ந்த உளுந்துக் கொடி மேல் வண்டி ஓட்டுவது ஈரச் சோப்பு மேல் நடப்பது மாதிரி. முதல் நாள் அக்கா இரண்டு முறை விழுந்தார். விழுந்த இடம் மெத்தை மாதிரி இருந்ததால் அடியில்லை. மூன்றாவது நாள் விழவில்லை. செய்தி பரவியதும் தினம் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. "அருளு, நாளைக்கு எங்க உளுந்துல போடு." "நாளைக்கு எங்களுது, நேத்தே சொல்லி வெச்சாச்சு." மாலைப் பால் முடிந்ததும் அக்கா களத்துக்குப் போவார். ஓரத்தில் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் சுற்றி முடித்ததும் கொடியைப் புரட்டிப் போட்டுவிட்டு, "இன்னும் பத்து எட்டு" என்பார்கள். மூன்று வாரத்தில் ஒரு கட்டில் போடுகிற இடத்தில்கூட அக்கா எட்டுப் போடுவார் என்கிற நிலைமை வந்துவிட்டது.

அந்த நாட்களில் பொழுது சாயும் நேரத்தில் அக்காவின் பைக்குக்குப் பின்னால் என் ஸ்கூட்டியில் பல முறை வந்திருக்கிறேன். அவர் வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே வரும். மேட்டில் எரியும், நேர் ரோட்டில் எரியும், எதிரே ஒரு நாய்கூட இல்லாத இடத்திலும் எரியும். பாவம், இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் ஓட்டுகிறார் என்று நினைப்பேன். வயதில் மூத்தவரிடம் அதைச் சொல்வானேன் என்று பேசாமல் இருந்துவிடுவேன். பால் ஊற்ற வருகிறவர்களுக்கு அந்த மரியாதையெல்லாம் இல்லை. "செவப்பு லைட்டு வருது, ஒதுங்கு" என்பார்கள்.

சித்திரை முதல் வாரத்தில் இரண்டாவது டெஸ்ட். விண்ணப்பக் காகிதங்களோடு நானும் போயிருந்தேன். அக்கா வழுக்கிக்கொண்டு போவது போல எட்டைப் போட்டார். கால் தரைப் பக்கமே வரவில்லை. இரண்டாவது சுற்றில் இன்ஸ்பெக்டர் குரல் கொடுத்தார்.

"பிரேக்க விடுங்கம்மா!"

"புடிக்கலீங்கம்மா!"

"லைட்டு எரியுதேம்மா. விட்டுட்டு ஓட்டுங்க."

அக்கா இன்னொரு சுற்றுப் போட்டார். விளக்கு அணையவில்லை. நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கினார். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். "எட்டு அழகா இருக்கு. ஆனா பிரேக்கப் புடிச்சிக்கிட்டே போட்டா அது கணக்குல வராதும்மா. ஒங்களுக்கு உள்ளுக்குள்ள பயம் இருக்கு. அது போனதும் வாங்க."

திரும்பி வரும் வழியில் அக்கா, ஊர் எல்லைக்கு வந்ததும், "ஏன் ஆஷ்லின், நமக்கே தெரியாம நம்ம காலு மிதிக்குமா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் முழுக்க அவர் தன் வலது காலைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் காலில் படுவது தெரியட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார். காலைப் பின்னால் இழுத்து, குதிகாலை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினார். அப்போதும் யாராவது ஒருவர், "இன்னும் மிதிக்கிறியே அருளு" என்று பின்னாலிருந்து கத்தினார். பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவர், தன் கால் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி ஊரார் சொல்வதை நம்பத் தொடங்கிவிட்டார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது டெஸ்ட் இருபத்தேழாம் தேதி, திங்கட்கிழமை. முப்பதாம் தேதிக்கு முன்னால் கிடைத்த கடைசி நாள் அது. இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை மாலை, அந்தத் தேதிக்கான காகிதத்தைக் கொடுக்கப் போனேன். அக்காவும் அண்ணனும் வாய்க்கால் கரையில் நின்றார்கள். மேட்டூர் அணையை அடைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. கரைப் பாதை நேராக அரை கிலோமீட்டர் போகும்.

"கால்ல என்ன, பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கியா?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். "இவ்வளவு நாளா சொல்லித் தரேன். எறங்கு. நான் ஓட்டிக் காட்டுறேன். பின்னாலேர்ந்து நல்லா பாத்துக்க. மனுஷன் எப்படி ஓட்டுறான்னு பாரு."

"காட்டுங்க."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கியரைப் போட்டுக் கிளம்பினார். நானும் அக்காவும் பின்னால் நின்று பார்த்தோம். வண்டி போனது. சிவப்பு விளக்கும் போனது. பத்து அடியில் எரிந்தது, ஐம்பது அடியில் எரிந்தது. கரையின் மறுகோடியில் அண்ணன் சுண்டுவிரல் அளவு ஆன பிறகும் ஒரு சிவப்புப் புள்ளியாக எரிந்துகொண்டே இருந்தது.

அக்கா என் கையைப் பிடித்தார். பிறகு வாயருகே இரண்டு கையையும் குவித்து, வாய்க்கால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏங்க! பிரேக்க விடுங்க!"

அண்ணன் அங்கிருந்து கத்தினார். "நான் புடிக்கவே இல்லடி!"

"லைட்டு எரியுதுங்க!"

"சாமி சத்தியமா புடிக்கல!"

அக்கா அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். அண்ணன் திரும்பி வந்து, வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, யாருமே உட்காராத வண்டியின் பின்னால் போய் நின்று பார்த்தார். விளக்கு அவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

"மாதாவே" என்றார்.

"ஒங்களுக்கும் உள்ளுக்குள்ள பயமாங்க?" என்று கேட்டார் அக்கா.

நான் அப்போதுதான், தினமும் பின்னால் வந்து பார்த்ததையும் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அடிப்பாவி, ஒரு மாசமா பாத்துக்கிட்டே வந்தியா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க மிதிக்கிறீங்கன்னு நெனச்சேங்க்கா."

"ஊரே அப்படித்தான் நெனச்சிருக்கு. பின்னால எரியிறத ஓட்டுறவ எங்க பாக்குறது?"

மெக்கானிக் ஜாஃபர் சாதிக்குக்கு அண்ணன் போன் போட்டார். அவர் தரங்கம்பாடியில் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தார். பின்னால் ஒரே சத்தம். ஸ்பீக்கரில் போட்டோம்.

"கையில பிரியாணி இருக்கு, சீக்கிரம் சொல்லுங்கண்ணே."

அண்ணன் சொன்னார்.

"நான் செவ்வாக்கிழமைதான் கடைக்கு வருவேன். திங்கக்கிழமை டெஸ்ட்டுன்னா ஒரு வேல செய்யுங்க. பின்னால லைட்டுக்குப் போற ஒயரப் புடுங்கி விட்டுருங்க. லைட்டே எரியாது. அவங்க என்னத்த பாக்கப் போறாங்க?"

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதான் சரி" என்று சீட்டைக் கழற்றப் போனார்.

"வேணாம்" என்றார் அக்கா.

"ஏன்டி? அணைஞ்சா போதும்ல?"

"போதாது. நான் பிரேக் புடிச்சா எரியணும். விட்டா அணையணும். அந்த அம்மா ரெண்டையும் பாக்கணும். ஒண்ணுமே எரியாத வண்டில போய், பயம் போயிடுச்சுன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? பின்னால வர்றவன் என்னைய வந்து இடிக்கட்டும்னா?"

போனில் ஜாஃபர் சாதிக் சிரித்தார். "பால்லயும் தண்ணி விட மாட்டேங்குறாங்க, இதுலயும் விட மாட்டேங்குறாங்க. சரிக்கா, பிரியாணிய வெச்சுட்டேன். சாவியப் போடுங்க. முன் பிரேக் லிவருக்கு அடியில ரெண்டு ஒயர் இருக்கும், கழட்டுங்க."

அக்கா கழற்றினார். "கழட்டிட்டேன். எரியுது."

"அப்ப முன்னால கோளாறு இல்ல. மாட்டிருங்க. இப்ப கால் பிரேக்குக்கு மேல பாருங்க. ஒரு சின்ன சுவிட்ச், அதுலேர்ந்து மெல்லிசா ஒரு ஸ்பிரிங்கு பிரேக் கட்டைக்கு எறங்கும். கட்டைய மிதிச்சா ஸ்பிரிங்கு இழுத்து லைட்டு எரியும். மிதிக்காதப்பவே எதோ அத இழுத்துப் புடிச்சிருக்கு."

அக்கா குனிந்து பார்த்தார். "ஸ்பிரிங்கே இல்லியே தம்பி."

"இருக்கும்க்கா. நல்லா பாருங்க."

இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரேக் கட்டை திரும்புகிற இடத்தைச் சுற்றி, தேங்காய் அளவுக்குக் கறுப்பாக ஒரு உருண்டை. களிமண், கிரீஸ், அதற்குள் நார் நாராக ஏதோ. அக்கா ஒரு நாரைப் பிடித்து இழுத்தார். வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கயிறு போல முறுக்கேறிய உளுந்துக் கொடி.

மூன்று வாரமாகக் களத்தில் போட்ட எட்டெல்லாம் அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. கொடி ஸ்பிரிங்கோடு பின்னி, மண்ணோடு இறுகி, பிரேக் கட்டையை ஒரு நெல்மணி அளவுக்குக் கீழே இழுத்து வைத்திருந்தது. பிரேக் பிடிக்க அது போதாது, விளக்கு எரிய அது போதும். அதனால்தான் வண்டி ஓடுவதில் எந்த வித்தியாசமும் யாருக்கும் தெரியவில்லை.

அக்கா என்னை வீட்டுக்கு அனுப்பி, சொசைட்டியில் சோதனைக் குழாய் கழுவித் தேய்ந்துபோய் வீட்டுக்கு எடுத்து வந்திருந்த பழைய பிரஷ்ஷையும் கொஞ்சம் மண்ணெண்ணெயையும் கொண்டுவரச் சொன்னார். விரல் நுழையாத இடத்தில் அது நுழைந்தது. மண்ணெண்ணெயில் நனைத்து நனைத்து, கொடியை அடுக்கடுக்காக உரித்தார். உரிக்க உரிக்க உடைந்த காயும் பருப்பும் உதிர்ந்தன. நாங்கள் மூன்று பேரும் கரையில் குனிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு ரெங்கம்மாள் அக்கா வந்துவிட்டார்.

"என்னடி தேடுறீங்க?"

"ஒங்க உளுந்ததான்க்கா" என்றார் அக்கா. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கறுப்பு உளுந்துக்கு நடுவே நாலைந்து பச்சைப் பயறு. "ஊர்ல உளுந்தோட பயறக் கலந்து தெளிச்சது நீங்க மட்டுந்தான். அடியில கெடக்குது பாருங்க. மொத எட்டு ஒங்க உளுந்துலதானே? இதுதான் மொதல்ல சுத்தினது."

ரெங்கம்மாள் அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார். "அளக்குறப்பவே ஒரு மரக்கா கொறையுதேன்னு நெனச்சேன். ஒன் வண்டியில ஒளிச்சு வெச்சிருக்க."

"அதுக்குத்தான் என்னைய ரெண்டாவது வாட்டி பெயிலாக்கிட்டாங்க."

"என் உளுந்தாலயா பெயிலு?" ரெங்கம்மாள் அக்காவுக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. வருத்தப்பட்டுக்கொண்டே சிரித்தார்.

கொடி எல்லாம் வந்த பிறகும் விளக்கு அணையவில்லை. அண்ணன் ஒயர் இருக்கும் பக்கம் பார்த்தார். அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பார்வையை எடுத்துக்கொண்டார். ஜாஃபர் சாதிக் இன்னும் லைனில்தான் இருந்தார். "சுவிட்சுக்குள்ள தூசி ஏறியிருக்கும்க்கா. துளி பெட்ரோல் விட்டு, ஸ்பிரிங்க கையால இழுத்து இழுத்து விடுங்க. சாவிய அணைச்சிட்டு செய்யுங்க."

அக்கா சாவியை அணைத்தார். பெட்ரோலைச் சொட்டு விட்டு இழுத்தார், விட்டார். பத்துப் பதினைந்து முறை. அழுக்குத் தண்ணீராகச் சாம்பல் நிறத்தில் ஏதோ வழிந்தது. துடைத்து, காயவிட்டு, சாவியைப் போட்டார்.

விளக்கு எரியவில்லை.

அக்கா வலது கையால் பிரேக் கட்டையை மெதுவாக அழுத்தினார். எரிந்தது. விட்டார். அணைந்தது. அழுத்தினார், எரிந்தது. ரெங்கம்மாள் அக்கா கைதட்டினார். போனில் கல்யாண வீட்டில் யாரோ, "என்ன மச்சான் சத்தம்?" என்று கேட்டார்கள். "ஒரத்தநாட்டுல லைட்டு அணைஞ்சிடுச்சு" என்று ஜாஃபர் சாதிக் பதில் சொன்னது கேட்டது. கடைசியாக சுவிட்சின் நட்டை ஒன்றரைச் சுற்று திருகச் சொன்னார், லேசாக மிதித்தாலே எரிகிற மாதிரி. அதையும் அக்காவே செய்தார். பிறகு அண்ணனை மறுபடி ஓட்டச் சொன்னார். கரையின் கோடி வரை இருட்டாகப் போய், திரும்புகிற இடத்தில் மட்டும் ஒரு முறை சிவந்தது.

திங்கட்கிழமை காலைப் பால் முடிந்து மூவரும் கிளம்பினோம். அக்கா பைக்கில், அண்ணன் என் ஸ்கூட்டியை ஓட்ட நான் பின்னால். ஊரைத் தாண்டியதும் அக்கா வண்டியை நிறுத்திவிட்டார். ரோடு முழுக்க, கண்ணுக்கெட்டிய தூரம், கடைசியாகப் பிடுங்கிய உளுந்து. பரப்பியவர் ரெங்கம்மாள் அக்காவேதான், அவரோடு அவர் நாத்தனார்கள் நாலு பேர்.

"வா வா, ஏறிப் போ" என்று கையசைத்தவர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, வேணாம், ஏறாத! ஏய், தள்ளுங்கடி!"

ஐந்து பேரும் கவைக்கோலையும் விளக்குமாறையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு பைக் போகிற அகலத்துக்கு, முந்நூறு அடி நீளம், தார் தெரிகிற மாதிரி வழி ஒதுக்கினார்கள். அதற்குள் பின்னால் டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"தெனம் எங்கள மேல ஏறிப் போகச் சொல்லுறீங்க. அவங்களுக்கு மட்டும் பாதை போட்டுத் தர்றீங்களா?"

"ஒங்க பஸ்ஸா எட்டுப் போடப் போவுது?" என்றார் ரெங்கம்மாள் அக்கா. "நீங்க பைய வாங்க. ரெண்டு தடவ ஏறி எறங்கினாலும் நல்லதுதான்."

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. அக்கா அந்தப் பாதையில் ஒரு கொடிகூட டயரில் படாமல் ஓட்டிக்கொண்டு போனார்.

டெஸ்ட் மைதானத்தில் அதே இன்ஸ்பெக்டர். அக்காவை அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்கம்மா. பயம் போச்சா?"

"நீங்களே பாருங்கம்மா" என்றார் அக்கா.

நான் வேலி ஓரமாக நின்றேன். அண்ணன் பக்கத்தில் நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா முதல் வளைவுக்குள் போனார். விளக்கு எரியவில்லை. இரண்டாவது வளைவு, எரியவில்லை. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அக்கா எட்டை இரண்டு முறை போட்டுவிட்டு, நேராக வெள்ளைக் கோட்டுக்கு வந்து பிரேக்கை மிதித்தார். சிவப்பு பளிச்சென்று எரிந்தது. வண்டி கோட்டில் நின்றது. அக்கா இறங்கவில்லை. பிரேக்கை விட்டார், மிதித்தார், விட்டார், மிதித்தார்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது, தெரியுது. எறங்குங்க" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பரவால்லியே, பத்து நாள்ல பயத்த விட்டுட்டீங்களே."

"பயம் அப்பவும் இல்லீங்கம்மா. உளுந்து."

"உளுந்தா?"

அக்கா விளக்கினார். களம், ரெங்கம்மாள் அக்கா, டிராக்டர்க்காரர், ஸ்பிரிங், பச்சைப் பயறு எல்லாவற்றையும் இரண்டு கையையும் சுற்றிச் சுற்றிக் காட்டிச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கடைசி வரை கேட்டார்.

"உளுந்து மேல எட்டுப் போட்டீங்களா? வழுக்காது?"

"வழுக்கும்மா. அதனாலதான் இங்க சுலபமா இருந்துச்சு."

அவர் தாளில் கையெழுத்துப் போட்டார். அடுத்து நின்ற ஒருவரின் வண்டிக்குப் பின்னால் தானே ஒரு முறை போய்க் குனிந்து பார்த்துவிட்டு, பிறகு அவரை ஓட்டச் சொன்னார்.

தேர்ச்சி என்று அக்காவின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்ததும் அதைச் செயலாளருக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "வெள்ளிக்கிழமை காலை அஞ்சரைக்கு வண்டியை எடுத்துக்கச் சொல்லுங்க." அக்காவிடம் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, போனை என்னிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

கிளம்பும்போது அண்ணன் பழக்கத்தில் முன்னால் ஏறப் போனார். அக்கா சாவியைக் காட்டினார். அண்ணன் சுற்றி யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். நான் அவர்களுக்குப் பின்னால் வந்தேன். ஊருக்குள் நுழையும்போது ரெங்கம்மாள் அக்கா உளுந்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவர் கேட்பதற்கு முன்பே அண்ணன் சத்தமாகச் சொன்னார்.

"பாஸு! மூணாவது எட்டுல பாஸு!"

"அது தெரியுது. நீ ஏன் தம்பி பின்னால ஒக்காந்திருக்க?"

"லைசென்ஸ் உள்ளவங்க ஓட்டுறதுதானே மொற?"

"ஒனக்கும் இருக்குல்ல?"

அண்ணன் காதில் விழாத மாதிரி வயலைப் பார்த்தார். அக்கா வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். எதிரே ஒரு வேகத்தடை. அது வருவதற்கு இருபது அடி முன்பே, அண்ணனின் வலது கால், பாதம் வைக்கும் கம்பியை அழுத்தி அழுத்தி மிதிப்பதைப் பார்த்தேன். அக்காவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"கால எடுங்க" என்றார். "அங்க பிரேக் இல்ல."